நம் கடற்கரை மறந்த மொழி



இன்று காலை நீங்கள் பள்ளிக்குப் புறப்பட்டதைச் சற்று நினைத்துப் பாருங்கள். முகம் கழுவித் துவாலையால் துடைத்தீர்கள். அலமாரியைத் திறந்து சீருடையை எடுத்தீர்கள். சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால் அம்மாவிடம் தைத்துத் தரச் சொன்னீர்கள். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டீர்கள். சன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு ஓடிவந்தீர்கள்.

துவாலை, அலமாரி, பொத்தான், மேசை, பேனா, சன்னல், சாவி. இவ்வேழு சொற்களும் எந்த மொழிச் சொற்கள் என்று கேட்டால், "தமிழ்தான், டீச்சர்" என்பீர்கள். ஆனால் ஏழும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. மேசா என்பது மேசையாயிற்று, ஜனேலா சன்னலாயிற்று, சாவே சாவியாயிற்று, அர்மாரியு அலமாரியாயிற்று. பேனா என்றால் அம்மொழியில் இறகு என்று பொருள். இறகை மையில் தோய்த்து எழுதிய காலத்துப் பெயர் இன்னும் நம் கையில் இருக்கிறது.

இன்னும் உண்டு. அன்னாசி, கொய்யா, பப்பாளி ஆகிய கனிகள் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. போர்த்துகீசியர் கப்பல்கள் அவற்றைக் கொண்டுவந்தபோது பெயர்களும் உடன் வந்தன. நம் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் கூவிக் கூவி நடக்கிறதே ஏலம், அச்சொல்லும் அவர்களுடையதே. வீடு கட்டும் மேஸ்திரியும், ஆலயத்துக் குருசும் அவ்வாறே வந்த சொற்கள்.

சொற்கள் மட்டுமா வந்தன? இல்லை. ஒரு மொழியே இக்கடற்கரையில் பிறந்து, வளர்ந்து, பேசப்பட்டு, பின் மறைந்தது. அம்மொழியின் கதையே இன்றைய பாடம்.

மொழி பிறந்த விதம்

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த ஆண்டு 1498. அடுத்த நூற்றாண்டில் கொச்சி, கோவா, சௌல், நாகப்பட்டினம், மயிலாப்பூர் எனப் பல துறைமுகங்களில் போர்த்துகீசியர் குடியேறினர். வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்: மாலுமிகள், வீரர்கள், வணிகர்கள். அவர்கள் இங்குள்ள பெண்களை மணந்து குடும்பம் அமைத்தனர்.

அவ்வீடுகளில் என்ன மொழி பேசியிருப்பார்கள்? முதலில் தட்டுத் தடுமாறி, சைகையும் சொல்லும் கலந்து பேசியிருப்பார்கள். ஆனால் அவ்வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தத் தடுமாற்றப் பேச்சே தாய்மொழியாயிற்று. குழந்தைகள் வாயில் அது திருந்தி, ஒழுங்குபட்டு, முழுமையான ஒரு மொழியாக நின்றது. இவ்வாறு இரு மொழிகளின் கலப்பில் பிறந்து ஒரு மக்கள் கூட்டத்தின் தாய்மொழியாகும் மொழியை மொழிநூலார் கிரியோல் என்பர். அதனைக் "கெட்டுப்போன போர்த்துகீசியம்" என்று சிலர் இகழ்ந்தனர். அது தவறு. அதற்கென இலக்கணம் உண்டு; விதி உண்டு.

நம் காரைக்கால் போர்த்துகீசியர் ஆண்ட ஊரன்று. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவுடன் சேர்ந்த ஊர் இது. ஆயினும் நமக்கு வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகப்பட்டினம். நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றினர். கொடி மாறியது, பேச்சு மாறவில்லை. தரங்கம்பாடிக்கு 1620இல் வந்த டேனியரும் அப்பேச்சையே கையாள வேண்டியிருந்தது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், மக்களிடம் பழகத் தமிழோடு போர்த்துகீசியத்தையும் கற்றார். அவருடைய சபையில் இரு மொழிகளிலும் வழிபாடு நடந்தது. 1712இல் அங்கே வந்த அச்சுப்பொறியில் தமிழ் எழுத்துகள் வந்து சேரும் முன்பே போர்த்துகீசிய நூல்கள் அச்சாயின. துறைமுகத்துக்குத் துறைமுகம் செல்வோர் அனைவருக்கும் அது பொதுமொழியாக இருந்தது. அம்மொழி வழங்கிய ஊர்கள் என்று அறிஞர்கள் தரும் பட்டியலில் காரைக்காலின் பெயரும் இருக்கிறது.

ஒரு சிறு இலக்கணப் பாடம்

போர்த்துகீசிய மொழியில் "வீட்டுக்கு" என்று சொல்ல, "பாரா காஸா" என்பார்கள். காஸா என்றால் வீடு. பாரா என்பது நம் "கு" உருபின் பொருளைத் தருவது. அது பெயருக்கு முன்னே நிற்கிறது. நம் தமிழிலோ வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வரும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

இலங்கையின் மட்டக்களப்பில் இன்றும் பேசப்படும் போர்த்துகீசியக் கிரியோலில் இது எப்படி வருகிறது? "காஸ-ப". பாரா என்ற சொல் "ப" எனச் சுருங்கி, இடம் மாறிப் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சொல் போர்த்துகீசியம், அதை அடுக்கிய முறை நம் முறை!

இன்னொன்றும் பாருங்கள். போர்த்துகீசிய வாக்கியத்தில் வினைச்சொல் நடுவில் வரும். நம் தமிழில் இறுதியில் வரும். மட்டக்களப்புக் கிரியோலிலும் வினை இறுதியிலேயே வருகிறது. போர்த்துகீசியத்தில் மேசைக்கும் வீட்டுக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு. கிரியோலில் அந்தத் தொல்லை இல்லை. தந்தையின் சொற்களைத் தாயின் ஒழுங்கில் அடுக்கிப் பேசிய பிள்ளைகளை இந்த இலக்கணத்தில் நாம் காண்கிறோம்.

நம் கடற்கரையின் பேச்சுக்கு மிஞ்சியிருக்கும் சான்றுகள் மிகச் சில. அவற்றைத் தந்தவர்களுள் முதன்மையானவர் செபஸ்தியாவ் ரொதோல்ஃபோ தல்காதோ அடிகளார். 1855இல் கோவாவில் பிறந்த இக்குருவானவர், இலங்கை, கோவா, டாமன் ஆகிய இடங்களின் கிரியோல்களைப் பற்றி நூல்கள் எழுதினார். நாகப்பட்டினத்துப் பேச்சைப் பற்றிய அவர் கட்டுரை 1917இல் வெளிவந்தது. நோயினால் இரு கால்களையும் இழந்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1922இல் லிஸ்பன் நகரில் காலமானார். எளியவர்களின் பேச்சு என்று கற்றவர்கள் ஒதுக்கியதை ஏட்டில் ஏற்றத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர் அவர்.

கோர்லை என்னும் சிற்றூர்

நம் கரையில் மறைந்த இம்மொழியின் உடன்பிறப்புகள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் காண நாம் மேற்குக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

மும்பைக்குத் தெற்கே, மகாராஷ்டிர மாநிலத்தின் ராய்காட் மாவட்டத்தில், குண்டலிகா ஆறு கடலில் கலக்குமிடத்தில் கோர்லை என்னும் சிற்றூர் உள்ளது. ஊரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் குன்றின்மேல் போர்த்துகீசியர் கட்டிய கோட்டை இடிந்து நிற்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் சௌல் துறைமுகம் இருந்தது. 1740இல் அப்பகுதி மராத்தியர் வசமாயிற்று. அதிகாரிகளும் செல்வர்களும் கப்பலேறிப் போய்விட்டனர். போக வழியில்லாத ஏழைக் கிறிஸ்தவ மக்கள் குன்றின் அடியிலேயே தங்கிவிட்டனர்.

அவர்களைச் சுற்றிலும் மராத்தி. போர்த்துகல்லிலிருந்து எவரும் வந்து அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. நூல் இல்லை, செய்தித்தாள் இல்லை, அம்மொழியில் பள்ளிக்கூடமும் இல்லை. இருந்தும் ஏறத்தாழ 280 ஆண்டுகளாக அம்மக்கள் தங்கள் மொழியை விடவில்லை! அதற்கு அவர்கள் இட்ட பெயர் "நோ லிங்". நம் மொழி என்பது அதன் பொருள். இன்று அதைப் பேசுவோர் ஆயிரம் பேருக்கும் குறைவு. நம் பள்ளிகள் பலவற்றில் படிக்கும் மாணவியரின் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

அம்மொழி அழியாமல் இருந்தது எப்படி? அமெரிக்க மொழிநூல் அறிஞர் கிளான்சி கிளெமென்ட்ஸ் இவ்வூரின் மொழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் காட்டும் காரணங்கள் நமக்கு எளிதில் புரிபவை. அம்மக்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்தனர். அண்டை அயலாரினின்று சமயத்தால் வேறுபட்டிருந்தனர். ஆறும் கடலும் குன்றும் சூழ்ந்த ஊராதலால் வெளிப்போக்கு குறைவாக இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஆற்றின்மேல் பாலம் வந்தது, பேருந்து வந்தது. பிள்ளைகள் மராத்திப் பள்ளிக்குச் செல்கின்றனர். இளைஞர் வேலை தேடி மும்பைக்குப் போகின்றனர். 1960களுக்குப் பிறகு ஆலயத்தில் போர்த்துகீசியம் நின்று மராத்தி ஒலிக்கிறது. இவற்றில் எதைத் தீமை என்று சொல்வது? பாலம் நல்லது, பள்ளி நல்லது, மக்களுக்கு விளங்கும் மொழியில் வழிபாடு நடப்பது மிக நல்லது. ஆயினும் ஒவ்வொரு நன்மையும் வரும்போது "நோ லிங்" ஓர் அடி பின்வாங்குகிறது.

மட்டக்களப்பின் பறங்கியர்

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பில் போர்த்துகீசியர் 1628இல் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், டச்சுக்காரர் அதைப் பிடித்தனர். போர்த்துகீசியர் அங்கு ஆண்டது அவ்வளவே. ஆனால் மொழியோ நான்கு நூற்றாண்டுகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் பேசும் கத்தோலிக்க மக்களை அங்குள்ள தமிழர் பறங்கியர் என்பர். தச்சு, கொல்லு, தையல் முதலிய கைத்தொழில்களில் பேர்பெற்றவர்கள் அவர்கள். திருமண வீடுகளில் வயலின் இசைக்க, கஃப்ரிஞ்ஞா என்னும் ஆடலும் பாடலும் நடக்கும்.

இலங்கைத் தமிழருக்கு நாற்காலி கதிரை; ரொட்டி பாண்; காலணி சப்பாத்து; கடப்பாரை அலவாங்கு. இந்நான்கும் போர்த்துகீசியச் சொற்களே. அங்குள்ள தமிழ் அம்மொழிக்கு எவ்வளவு நெருங்கிய அண்டை வீடு என்பதை இவை காட்டும்.

அம்மக்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். உள்நாட்டுப் போர் நீண்ட ஆண்டுகள் வாட்டியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் காரைக்காலையும் நாகையையும் அலைக்கழித்த அதே ஆழிப்பேரலை, மட்டக்களப்பின் கடலோரத்தில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்களையும் வாரிச் சென்றது. எஞ்சியோர் கடலைவிட்டு உள்ளே வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மட்டக்களப்புப் பிள்ளைகள் தம் பாட்டியின் மொழியை விட்டு எந்த மொழிக்கு மாறுகிறார்கள்? பெரும்பாலும் தமிழுக்கு! ஆங்கிலம் நம் தமிழை நெருக்குகிறது என்று நாம் மேடைகளில் வருந்துகிறோம். மட்டக்களப்பில் நெருக்கும் பெரிய மொழி நம் தமிழே. எந்த மொழியும் எங்கும் சிறியதன்று. எந்த மொழியும் எங்கும் பெரியதன்று. பக்கத்து வீட்டு மொழியின் எதிரில் அது எப்படி நிற்கிறது என்பதே கணக்கு. ஆகவே, நமக்கு நேரும்போது துயரம் என்று நாம் சொல்வதை, நம்மால் பிறருக்கு நேரும்போதும் துயரம் என்றே சொல்லப் பழக வேண்டும்.

கடைசியாகப் பேசியவர்

கொச்சிக்கு அருகில் வைப்பீன் தீவில் வில்லியம் ரொசாரியோ என்னும் பெரியவர் வாழ்ந்தார். கொச்சியின் போர்த்துகீசியக் கிரியோலைச் சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். 2010 ஆகஸ்டு 20ஆம் நாள் அவர் இறந்தபோது, கொச்சியில் பேசப்பட்ட அம்மொழியும் முடிந்தது.

அவருடைய கடைசி ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். தம் தாய் தமக்குச் சொல்லித்தந்த சொற்கள் எல்லாம் அவர் நெஞ்சில் இருந்தன. ஆனால் அவற்றைப் பேச எதிரில் ஆள் இல்லை. மொழி என்பது ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளன்று. கேட்டுப் பதில் சொல்ல இன்னொருவர் வேண்டும். லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஊகோ கார்தோசோ என்னும் அறிஞர் அவர் பேச்சைப் பதிவுசெய்தார். மட்டக்களப்பிலும் அத்தகைய பணி நடந்துள்ளது. குரல்கள் காக்கப்பட்டன. ஆனால் பதிவுப் பெட்டி கேட்கும், பதில் சொல்லாது.

மொழி மறைவது எப்போது?

ஒரு மொழி அழியும் நிலையில் உள்ளதா என்று அறிய யுனெஸ்கோ நிறுவனத்தின் வல்லுநர்கள் 2003இல் ஒன்பது அளவுகோல்களை வகுத்தனர். பேசுவோர் தொகை, பள்ளியில் அதற்குள்ள இடம், அரசின் போக்கு முதலியவை அவற்றுள் அடங்கும். முதலில் வைக்கப்பட்டது எது தெரியுமா? பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அம்மொழி போய்ச் சேருகிறதா என்பதே. ஆயிரம் பேர் மட்டுமே பேசினாலும் பிள்ளைகள் பேசினால் அம்மொழி வாழும். இலட்சம் பேர் பேசினாலும் அவர்கள் அனைவரும் முதியவர்கள் என்றால் அதன் நாள்கள் எண்ணப்படுகின்றன.

பிள்ளைகள் ஏன் பேசாமல் போகிறார்கள்? எவரும் சட்டம் போட்டுத் தடுப்பது அரிது. பெரும்பாலும் அது ஒரு சிரிப்பில் தொடங்குகிறது. இதை நான் நூலில் படித்து எழுதவில்லை. என் வகுப்பறையில் நடந்ததைச் சொல்கிறேன், குற்றம் என்னுடையதே.

சில ஆண்டுகளுக்கு முன் கட்டுரைப் பயிற்சியில் மீனவர் கிராமத்து மாணவி ஒருத்தி, "கச்சான் அடித்ததால் அப்பா கடலுக்குப் போகவில்லை" என்று எழுதியிருந்தாள். நான் கச்சான் என்ற சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடு இழுத்தேன். "கொச்சைச் சொல். மேற்குக் காற்று என்று எழுதுக" என்றும் குறித்தேன். அவள் எழுந்து வாசித்தபோது வகுப்பு சிரித்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் கட்டுரைகளில் பிழையே இல்லை, கடலும் இல்லை.

வெகுநாள் கழித்து, வேறொரு சொல்லைத் தேடும்போது, அகராதியில் கச்சான் என்ற சொல்லைக் கண்டேன். மேல்காற்று என்று பொருள் தந்திருந்தது. எனக்குத் தெரியாத சொல்லைத் தவறான சொல் என்று நான் தீர்ப்பிட்டிருந்தேன். கோர்லையிலும் வைப்பீனிலும் நாகப்பட்டினத்திலும் "இது கெட்ட போர்த்துகீசியம்" என்று சொன்னவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

அம்மாணவியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "உன் பாட்டியிடம் காற்றுகளின் பெயர்களைக் கேட்டு வா" என்றேன். மறுநாள் அவள் நான்கு பெயர்களைக் கொண்டுவந்தாள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். நான்கில் இரண்டு, வாடையும் கொண்டலும், நம் இலக்கியப் பாடத்திலேயே வருபவை! பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் பாடநூலில் உள்ளதும் இல்லாததும் அவர் வாயில் ஒன்றாக இருந்தன.

நாம் செய்யக்கூடியது

நாகப்பட்டினத்துக் கிரியோலை நம்மால் உயிர்ப்பிக்க முடியாது. நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருப்பதைக் காக்க முடியும். காரைக்கால் ஒரு சிறு ஊராயினும் சொல்வளம் மிக்க ஊர். கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவரைச் சொல்தா என்கிறோம். உழவர் வீட்டில் நெல்லுக்கும் வாய்க்காலுக்கும் தனிச் சொற்கள்; மீனவர் வீட்டில் வலைக்கும் அலைக்கும் தனிச் சொற்கள்; இசுலாமியத் தோழியர் வீட்டில் உறவுக்கும் உணவுக்கும் தனிச் சொற்கள். இவற்றை எந்தப் பாடநூலும் முழுவதும் தரவில்லை.

ஆகவே இந்த விடுமுறைக்கு ஒரு பயிற்சி தருகிறேன்.

1. உங்கள் பாட்டி, தாத்தா அல்லது தெருவிலுள்ள முதியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, நீங்கள் பள்ளியில் கேட்டிராத இருபது சொற்களைக் கேட்டு எழுதுக.

2. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும், அதை வைத்து அவர் சொன்ன ஒரு வாக்கியமும் எழுதுக. அவர் சொன்னபடியே எழுதுக, திருத்தாதீர்கள்.

3. சொன்னவர் யார், எந்த ஊர், என்று கேட்டீர்கள் என்பதைக் கீழே குறித்து வைக்க. தல்காதோ அடிகளார் போன்றோர் குறித்து வைத்ததால்தான் நாகப்பட்டினத்துப் பேச்சைப் பற்றி இன்று நமக்குச் சிறிதேனும் தெரிகிறது.

4. இதுவே முதன்மையானது. அச்சொற்களில் ஐந்தையாவது அவரிடமே திருப்பிப் பேசுக. பாட்டி ஒரு சொல் சொன்னால், அதே பேச்சில் அவருக்குப் பதில் சொல்லுக.

பள்ளி திறக்கும் நாளில் உங்கள் ஏடுகளை எதிர்பார்த்திருப்பேன். இம்முறை என் கையில் சிவப்புப் பேனா இருக்காது.